காகிதக் கிண்ணத்தில் ஒரு மாத்திரை

டெல்லி மயூர் விஹார் தமிழ்த் திருச்சபையில் நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, ஆராதனை முடிந்த கையோடு கீழ்த்தளக் கூடத்தில் இலவச மருத்துவ முகாம் நடைபெற்றது. இரத்த அழுத்தத்திற்கு ஒரு மேசை, கண்ணுக்கு ஒரு மேசை, சர்க்கரைக்கு ஒரு மேசை. சர்க்கரை மேசைக்குப் பொறுப்பாக இன்பராணி அமர்ந்திருந்தார். சரோஜினி நகருக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியர். இப்போது பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டின் தலைமைச் செவிலியர். அடுத்த நாற்காலியில் அமர்ந்து, வந்தவர்களின் பெயரையும் வயதையும் அளவையும் முத்து முத்தான கையெழுத்தில் பதிவு செய்துகொண்டிருந்தவர் அவருடைய கணவர் ஆபிரகாம். மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சபையின் செயலாளர்.

பாடகர் குழுவைச் சேர்ந்த தங்கம் என்னும் அம்மையார் மேசைக்கு அருகில் வந்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"சிஸ்டர், ஊசின்னா எனக்கு ஒரு கும்பிடு. நான் கர்த்தர் கையில இருக்கேன், விட்டுருங்க."

"நீங்க கர்த்தர் கையிலயே இருங்க. விரலை மட்டும் ஒரு நிமிஷம் என் கையில குடுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கம் அம்மையார் அசையவில்லை.

"வலிக்கும்லா?"

"எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது. இங்க பாருங்க, எனக்கே குத்திக் காட்டுதேன்" என்று கூறிய இன்பராணி, புது ஊசி ஒன்றை எடுத்துத் தம் மோதிர விரலின் ஓரத்தில் குத்தி, துளிர்த்த இரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் ஏந்தினார். கருவி ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கியது. பின்பு ஓர் எண்ணைக் காட்டியது.

எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போலத் தங்கம் அம்மையார் அதனை உரக்கப் படித்தார். "முன்னூத்தி... நாப்பத்தேழு. ஏ சிஸ்டர், இது சுகரா, உங்க வீட்டு நம்பரா?"

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இன்பராணியும் சிரித்தார், ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் தேநீர் பிஸ்கட்டின் துகள் ஒட்டியிருக்கக்கூடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுந்து சென்று, சவர்க்காரம் இட்டு இரண்டு முறை கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பெட்டியிலிருந்த மற்றொரு கருவியை எடுத்து, மற்றொரு விரலில் குத்தினார். முந்நூற்று முப்பத்தொன்பது.

கருவியை அவர் மேசை மீது கவிழ்த்து வைத்தார்.

"எவ்வளவுன்னு போட?" என்று ஆபிரகாம் பேனாவை உயர்த்தியபடி கேட்டார்.

"என் பேரை எழுதாதிய. நான் முகாம் நடத்துதவ, முகாமுக்கு வந்தவ இல்ல. தங்கம் அக்கா, கையைக் குடுங்க."

தங்கம் அம்மையாருக்கு நூற்றுப் பன்னிரண்டுதான் இருந்தது. அவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பின் வந்த இருபத்தாறு பேருடைய விரல்களையும் இன்பராணி எந்தப் பிழையுமின்றிக் குத்தினார். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரைகளையும் குறைவின்றிச் சொன்னார். ஆயினும் அவருடைய உள்ளம் அந்த முதல் எண்ணிலேயே நின்றுவிட்டது. மூன்று மாதங்களாக இருந்த தாகம், அடிக்கடி கழிப்பறைக்குப் போக நேர்ந்தது, மெட்ரோ நிலையத்தின் படியேறுகையில் கால் துவண்டது, இவை யாவும் வரிசையாக வந்து அவருக்கு முன் நின்றன. வார்டில் வேறொரு பெண்மணி இவற்றைச் சொல்லியிருந்தால், பேச்சை முடிக்கும் முன்னரே சர்க்கரை பார்க்க ஆள் அனுப்பியிருப்பார். தமக்கு நேர்ந்தபோது, எல்லாவற்றையும் அந்த மஞ்சள் மாத்திரையின் கணக்கில் தள்ளிவிட்டிருந்தார்.

மஞ்சள் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இன்பராணிக்கு இடது மார்பில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தாம் பணிபுரியும் மருத்துவமனையிலேயே அறுவைச் சிகிச்சை, அதன்பின் கீமோ, அதன்பின் கதிரியக்கம் என்று ஓராண்டு கழிந்தது. அவருடைய கட்டி ஹார்மோனை உண்டு வளரும் வகையைச் சேர்ந்தது. ஆகவே உடலில் அந்த ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும் சிறிய மாத்திரை ஒன்றை, நாள் தவறாமல் ஐந்தாண்டுகள் உண்ண வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவர் ஜ்யோத்ஸ்னா எழுதிக் கொடுத்திருந்தார். மீண்டும் வராமல் காக்கும் வேலி அதுதான். உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் கொதிப்பதும், மூட்டுகள் பிடித்துக்கொள்வதும் அந்த வேலிக்குக் கொடுக்கும் விலை என்று இன்பராணி ஏற்றுக்கொண்டிருந்தார்.

அந்த ஓராண்டில் அவரை மிகவும் வருத்தியது எது என்று கேட்டால், கீமோ என்று அவர் சொல்லமாட்டார். ஞாயிறுதோறும் விண்ணப்ப ஜெபத்திற்கு முன்பு நோயுற்றோரின் பெயர்களைச் செயலாளர் வாசிப்பது அந்தத் திருச்சபையின் வழக்கம். தம் கணவரே, தம் குரலாலேயே, "சகோதரி இன்பராணி, புற்றுநோய்" என்று வாசிப்பதை முப்பத்துநான்கு ஞாயிறுகள் அவர் தலைகுனிந்தவாறு கேட்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தலைமயிரற்ற தலையைப் பார்க்காதது போலப் பார்ப்பார்கள். சென்ற ஈஸ்டர் ஞாயிறன்று அவர் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கி, நன்றி செலுத்துவோர் பட்டியலில் இடம் பெற்றது. சபை எழுந்து நின்று பாடியது. திரும்பவும் அந்த முதற்பட்டியலுக்குப் போக அவர் ஒருபோதும் ஆயத்தமாயில்லை.

அன்று பிற்பகல் வீட்டில் ஆபிரகாம் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"ராணி, அந்த முன்னூத்தி நாப்பத்தேழு..."

"ஆஸ்பத்திரியில பார்த்துக்கிடுதேன்."

"அடுத்த வாரம் ஜெபத்துல ஒரு வார்த்தை..."

"கூடவே கூடாது! சுகர் யாருக்குத்தான் இல்ல? சபையில பாதிப் பேருக்கு இருக்கு. லிஸ்ட் வாசிச்சா நீங்க ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வீடு வருவிய."

ஆபிரகாம் பேச்சை அத்துடன் விட்டார். மருத்துவ விஷயத்தில் மனைவியின் சொல்லே அவருக்கு வேதவாக்கு.

இவ்விடத்தில் செவிலியர்களின் வழக்கம் ஒன்றையும் குறிப்பிடுவது அவசியமாகிறது. மருத்துவமனையில் பணிபுரிவோர் தமக்கென்று சீட்டு எடுப்பதில்லை, வரிசையில் அமர்வதுமில்லை. மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் மருத்துவரிடம் நின்றபடியே கேட்டு, கையிலிருக்கும் தாளின் பின்புறத்தில் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்வார்கள். அது ஒரு சலுகை. முப்பத்திரண்டு ஆண்டுச் சேவைக்குக் கிடைத்த மரியாதை என்றும் சொல்லலாம். அந்த மரியாதையைத்தான் இன்பராணியும் பயன்படுத்திக்கொண்டார்.

"சார், எங்க சர்ச்ல ஒரு அம்மா. வயசு ஐம்பத்தஞ்சு. ரேண்டம் சுகர் முன்னூத்தி நாப்பது" என்று பொது மருத்துவர் சங்கரநாராயணனை மின்தூக்கியின் வாசலில் மடக்கினார்.

"வெயிட்?"

"கொஞ்சம் கூடியிருக்கு சார். ஏழு கிலோ."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாளா?"

மின்தூக்கியின் கதவு திறந்தது. உள்ளே நால்வர் நின்றிருந்தனர். அவர்களுள் இருவர் இன்பராணியின் கீமோ நாட்களை அறிந்தவர்கள்.

"இல்ல சார்" என்றார் இன்பராணி.

"அப்போ மெட்ஃபார்மின் ஐந்நூறு, காலம்பற ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. லேப்ல மூணு மாசச் சராசரி பார்த்துட்டு அந்த மாமிய ஓபிடிக்கு அனுப்புங்கோ" என்று கூறியவாறு மருத்துவர் உள்ளே நுழைந்தார். கதவு மூடிக்கொண்டது. மருந்தை மறைக்கும் நோயாளிகளை முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கடிந்துகொண்டு வந்த அந்த வாய்தான் "இல்ல சார்" என்று சொன்னது.

இன்பராணி அந்த மருந்தைத் தாமே உண்ணத் தொடங்கி, கருப்பட்டிக் காப்பியை நிறுத்தினார். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் இரண்டு வேளையும் குடித்து வந்தவர் அவர். சோற்றைக் குறைத்தார், வெந்தயக்கீரையும் இரண்டு சப்பாத்தியும் என்று ஆனது. இத்தனை செய்தும், கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில், வெறும் வயிற்றிலேயே சர்க்கரை இருநூற்று ஆறில் நின்றது. கேக்கின் மீது பழி போட அவருக்கு மனம் வந்திருக்கலாம். ஆனால் அவர் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

ஜனவரி மாதத்து முதல் ஞாயிறன்று, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத் தாளைக் கண்ணாடி அணிந்து முழுவதுமாகப் படித்தார். அத்தகைய மாத்திரைகளை உண்போரில் சிலருக்கு இரத்தச் சர்க்கரை உயரக்கூடும் என்று கைப்பேசியில் வேறொரு கட்டுரையும் கூறியது. ஒரு மருந்து ஒவ்வாமல் போனால் அதனை உடனே நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது செவிலியருக்குப் பாலபாடம். இன்பராணி அந்தப் பாடத்தின் முதற்பாதியை நிறைவேற்றினார். மறுநாள், ஜனவரி ஐந்தாம் தேதி காலையில், மஞ்சள் மாத்திரையை உண்ணவில்லை. அதே வாரத்தில் மருத்துவர் சங்கரநாராயணனை மீண்டும் வழிமறித்து, "அந்த அம்மா"வுக்காக மெட்ஃபார்மின் அளவையும் இரட்டிப்பாக்கிக்கொண்டார்.

பிப்ரவரியில் சர்க்கரை நூற்று ஐம்பதுக்கு இறங்கியது. அனல் தணிந்தது. மூட்டு வலியும் குறைந்தது. தம் ஊகம் சரியே என்று அவர் உறுதி கொண்டார். மருத்துவர் ஜ்யோத்ஸ்னாவிடம் சொல்லலாம், அடுத்த பரிசோதனை ஏப்ரலில்தானே, என்று நாளைக் கடத்தினார். இரவில் விழிப்பு வந்தால் மட்டும் கை தானாக மார்பின் தழும்பைத் தடவிப் பார்க்கும்.

"மாத்திரை போட்டாச்சா?" என்று காலைதோறும் செய்தித்தாளின் மறைவிலிருந்து ஆபிரகாம் கேட்பார்.

"போட்டாச்சு" என்று சமையலறையிலிருந்து விடை வரும்.

அட்டையிலிருந்து மாத்திரை பிதுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பிதுக்கியதை எங்கே போடுவது? ஹார்மோன் மருந்தை வீட்டுக் குப்பையில் போடலாகாது, கழுநீரில் விடலாகாது, மஞ்சள் பையில் சேர்த்து எரியூட்ட அனுப்ப வேண்டும் என்று ஆண்டுதோறும் புதிய செவிலியர்களுக்கு வகுப்பெடுத்து வந்தவர் அவரேயல்லவா? ஆகவே மாத்திரையைச் சிறு தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்து, மெட்ரோவில் எடுத்துச் சென்று, வார்டில் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் குட்டிக் காகிதக் கிண்ணத்தில் இட்டு, கசக்கி, மஞ்சள் தொட்டிக்குள் போடுவார். விடுமுறை நாட்களின் மாத்திரைகளும் மறுநாள் அங்கேதான் சேரும். விதியை எள்ளளவும் மீறாத அந்தச் செயலில் அவருக்கு ஒருவித ஆறுதலும் இருந்தது.

மார்ச் பதினேழாம் தேதி காலை, இரவுப் பணியினரிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டு, வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார் இன்பராணி. தரை துடைத்துக்கொண்டிருந்த ராஜாத்தி எதிர்ப்பட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே பெற்றோருடன் டெல்லிக்கு வந்தவர். அந்த வார்டில் பதினான்கு ஆண்டுகளாகத் துப்புரவுப் பணி. ராஜாத்திக்கும் மார்பில் அதே நோய், அதே மருத்துவர், அதே மாத்திரை; இன்பராணிக்கு ஓராண்டு முந்தியவர். கீமோவுக்கு அஞ்சி ஓடிப்போக இருந்தவரைப் பிடித்து இழுத்துவந்து படுக்கையில் கிடத்தியவர் இன்பராணிதான்.

"என்ன ராஜாத்தி, இன்னைக்கு ஆட்டம் பாட்டமா இருக்க? முட்டி வலி எங்க போச்சு?"

"அது போயி ரெண்டு மாசம் ஆவுது சிஸ்டர். மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறுறேன். எங்க வூட்டுக்காரரே, என்னாடி சின்னப் பொண்ணாயிட்டேன்னு கேக்குறாரு."

"ஜ்யோத்ஸ்னா மேடம்கிட்ட சொன்னியா? சந்தோஷப்படுவாங்க."

"வெள்ளிக்கிழமை டேட்டு இருந்துச்சு. போவல."

"ஏன்?"

ராஜாத்தி துடைப்பான் மீது சாய்ந்துகொண்டு, இதிலென்ன சந்தேகம் என்பதைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குப் போவணும்? மாத்திரையத்தான் உட்டுட்டனே."

இன்பராணி கையிலிருந்த பதிவேட்டை அருகிலிருந்த மேசையில் வைத்தார். வைத்தது அவருக்குத் தெரியவில்லை.

"எந்த மாத்திரைய?"

"அதான், மஞ்சளு."

"யாரு உன்னை விடச் சொன்னது? எந்த மடையன் சொன்னான்? இத்தனை வருஷமா நான் தலையால அடிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கேன், ஒரு நாள் கூட விடக் கூடாதுன்னு!"

"கத்தாதீங்க சிஸ்டர், பேஷன்ட்டு முழிச்சுக்கும்." ராஜாத்தி குரலைத் தாழ்த்தினார். "யாரும் வாயால சொல்லல."

அவர் பார்வை மூலையிலிருந்த மஞ்சள் தொட்டியின் பக்கம் சென்று, திரும்பி வந்தது.

இன்பராணியும் அதே பக்கம் பார்த்தார். ராஜாத்தியின் கையைப் பற்றி, துணி அலமாரி வைத்திருக்கும் சிற்றறைக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார்.

"நீ என்ன பார்த்த?"

"தெனம் காலையில டூட்டி ஓவர் எடுத்ததும் பையிலேருந்து ஒண்ணு எடுத்துக் கிண்ணத்துல போட்டுக் கசக்கிப் போடுவீங்க. பைய கட்டுறது நான்தான? ஒரு நாளு தொறந்து பார்த்தேன். தொறக்கக் கூடாதுதான், தப்புதான். பார்த்தா நம்ம மாத்திரை. மறுநாளும் நம்ம மாத்திரை. பத்து நாளு பார்த்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"எப்புடிக் கேக்குறது? நீங்களே யாருக்கும் தெரியாம போடுறீங்க. பெரிய ஆஸ்பத்திரியில முப்பது வருசம் இருக்கற சிஸ்டரு, அவங்களுக்குத் தெரியாதது என்னா இருக்கு, அது ஆவாத மாத்திரைன்னு தெரிஞ்சுதான் உட்டுட்டாங்க, ஆனா வேலையில இருக்கறதால எங்ககிட்ட வெளிய சொல்ல முடியல, அப்புடின்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கும் அதத் தின்னதுலேருந்து சுகரு. காலு எரிச்சலு. தை அமாவாசை கழிச்சு உட்டேன். நல்லாத்தான் இருக்கேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. நன்றியைப் போன்ற ஒன்றுதான் இருந்தது. இன்பராணியால் தாங்க முடியாதிருந்ததும் அதுவே. தை அமாவாசைக்குப் பின் எத்தனை நாட்கள் என்று அவர் மனம் எண்ணத் தொடங்கி, ஐம்பதைத் தாண்டியதும் எண்ண மறுத்தது. தம் உடலைக் குறித்துத் தாம் ஆடிய சூதாட்டத்தில், தமக்குத் தெரியாமலே வேறொரு பெண்ணின் உயிரையும் வைத்துவிட்டிருந்தார்.

"இன்னைக்கே திரும்ப ஆரம்பி. நான் சொல்லுதேன்."

"நீங்க ஆரம்பிக்கிறீங்களா?"

அது காலாவதியான மாத்திரை, வேறு யாரோ திருப்பிக் கொடுத்தது, என்று ஒரு பொய் இன்பராணியின் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ராஜாத்தி நம்பிவிடுவார். சந்தேகமின்றி நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையைக் கண்ணெதிரே பார்த்ததும் பொய் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"நான் செஞ்சது தப்பு ராஜாத்தி. ஆவாத மாத்திரைன்னு நிறுத்தல. சுகர் ஏறுனதும் பயந்துபோய் நிறுத்துனேன். டாக்டர்கிட்ட கேக்கல. யார்கிட்டயும் கேக்கல."

ராஜாத்தி வாயைப் பிளந்தபடி நின்றார். இப்போது அதிர்ச்சி அவருடைய முறையாயிற்று.

"கேக்காமலா? நீங்களா? அப்போ... நான்?" மார்பில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ சிஸ்டரு, எனக்குத் திரும்ப வந்துருச்சுன்னா?"

"வா, டாக்டர்கிட்ட போவோம்" என்றார் இன்பராணி. வார்டை அடுத்த நிலைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு, ராஜாத்தியை அழைத்துக்கொண்டு புறநோயாளிகள் பிரிவுக்குப் போனார். நேராக மருத்துவரின் அறைக்குள் நுழையக்கூடியவர், அன்று சீட்டு வழங்கும் சாளரத்தில் நின்று தம் பெயரைச் சொன்னார். "சிஸ்டர் ஜி, ஆப் லைன் மே?" என்று, அவரும் வரிசையில் நிற்பதைக் கண்டு சாளரத்துக்கு உள்ளிருந்தவர் வியந்தார். நாற்பத்தோராம் எண் ராஜாத்திக்கும், நாற்பத்திரண்டாம் எண் அவருக்கும் கிடைத்தன. பெஞ்சில் அமர்ந்து கணவரைக் கைப்பேசியில் அழைத்தார்.

"என் ஃபைலை எடுத்துட்டு வாங்க. மாத்திரை டப்பாவும். எல்லாத்தையும்."

"என்ன ராணி? என்னாச்சு?"

"வாங்க, சொல்லுதேன்."

பிங்க் லைன் மெட்ரோவில் ஆபிரகாம் வந்து சேர்ந்தபோது எண் முப்பத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கிற்று. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். வாழ்நாளில் அவரை அப்படிக் கண்டவர் எவருமில்லை. இன்பராணி எதையும் மறைக்காமல், தலையை உயர்த்தாமல், சொல்லி முடித்தார்.

ஆபிரகாம் கோப்பின் நாடாவை அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

"தெனமும் காலையில கேட்டேன்" என்றார் பிறகு.

"ஆமா."

"போட்டாச்சுன்னு சொன்ன."

"ஆமா."

"எத்தனை நாளு?"

"எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணு நாளு ஒரே பொய்ய நான் ஒரே மாதிரி நம்பியிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

"உங்க லிஸ்டுக்குப் பயந்துதான்."

"எந்த லிஸ்டு?"

"ஞாயித்துக்கிழமை லிஸ்டு. திரும்பவும் என் பேரை நீங்க வாசிக்கிறத கேக்க என்னால முடியாது."

ஆபிரகாம் திடுக்கிட்டுப் போனார்.

"உன் பேரை வாசிக்கதுக்கு முந்தி, ஒவ்வொரு வாரமும், மேல் வரியில விரலை வச்சுக்கிட்டு நிப்பேன். அந்த வரி முடிய வேண்டாமேன்னு. வேற யாராவது வாசிக்கட்டும்னு ஆயர்கிட்ட கேட்டுக்கிடலாம்தான். கேட்டா நான் நம்பிக்கையத்தவன்னு நீ நெனப்பியேன்னு வாசிச்சேன். முப்பத்துநாலு வாரம்."

இருவரும் ஒருவரையொருவர் புதிய ஆட்களைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட ராஜாத்தி, "நாப்பத்தொண்ணு கூப்புடுறாங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

மூவரும் சேர்ந்தே உள்ளே சென்றனர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மருத்துவர் ஜ்யோத்ஸ்னா, ராஜாத்தி சொல்லியதைக் கேட்டு முகம் இறுகினார். இன்பராணி சொல்லியதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், ஆப் பீ? நீங்களுமா? என் பேஷன்ட்ஸ் எல்லாருக்கும் உங்களத்தானே எக்ஸாம்பிளா சொல்றேன்!"

மருத்துவர் அவருடைய கோப்பைப் பிரித்தார்.

"அச்சா, சரி. ஒண்ணு சொல்லுங்க. இந்த மாத்திரைய நிறுத்தின வாரம் வேற என்ன மாத்தினீங்க?"

"மெட்ஃபார்மின்... டபுள் ஆக்கினேன் மேடம்."

"ஒரே வாரத்துல ரெண்டையும் மாத்திட்டு, எதால சுகர் இறங்குச்சுன்னு எப்படித் தெரியும்? ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடன்ட்டுக்குக் கூட இது தெரியுமே."

இன்பராணிக்கு முகம் சிவந்தது. அந்தக் கேள்வி எழுபத்தொரு நாட்களில் ஒரு முறையேனும் தமக்குத் தோன்றாமற்போனதே என்பதுதான் அவரை நிலைகுலைய வைத்தது.

மருத்துவர் இருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். தழும்பு, அக்குள், கழுத்து என்று விரல்கள் நகர்ந்த பொழுதெல்லாம் ராஜாத்தி கண்களை இறுக மூடியிருந்தார். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. "இன்னைக்கு எதுவும் தெரியல. ஆனா இந்த கேப்னால ஒண்ணுமே ஆகலைன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. ஸ்கேன் எழுதறேன். அடிக்கடி பார்ப்போம்" என்று மருத்துவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். "இந்த மாத்திரை சில பேருக்கு சுகர ஏத்தலாம். வெயிட் ஏறினது, பீரியட்ஸ் நின்னது, கீமோல கொடுத்த ஸ்டீராய்டு, அதுவும் சேர்ந்திருக்கலாம். ஆனா சுகருக்குத் தனியா வைத்தியம் இருக்கு. சாப்பாடு, நடை, மருந்து, மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட். சுகருக்காக இத நிறுத்தினா கேன்சருக்குக் கதவத் திறந்து விடற மாதிரி. தாங்கவே முடியலைன்னா வேற மாத்திரை இருக்கு. அத மாத்தறது என் வேலை. சங்கரநாராயணன் சாருக்கும் உங்க பேர்லயே லெட்டர் எழுதறேன், சர்ச்ல இருக்கற அம்மா பேர்ல இல்ல."

வெளியே வந்ததும், குடிநீர்க் குழாயின் அருகில் ராஜாத்தி நின்றுவிட்டார். சேலை முடிச்சை அவிழ்த்து, மருந்துச் சீட்டில் பொதிந்திருந்த அட்டையை எடுத்தார். மாத்திரைகள் யாவும் அப்படியே இருந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை என்றார். எடுத்தாரே தவிர, பிரிக்கவில்லை.

"முட்டி திரும்ப வலிக்கும்."

"வலிக்கும்" என்றார் இன்பராணி. "எனக்கும் வலிக்கும்."

"டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா முன்னாடியும் அவங்கதான் சொன்னாங்க, நீங்களும்தான் சொன்னீங்க." ராஜாத்தி அவரை நேருக்கு நேர் பார்த்தார். "இனிமே சொல்றத வச்சு நான் எதுவும் தின்ன மாட்டன் சிஸ்டர். தப்பா நெனச்சுக்காதீங்க."

இன்பராணிக்கு அது கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவர் கணவர் பக்கம் கையை நீட்டினார். ஆபிரகாம் பையைத் துழாவி, டப்பாவைத் திறந்து, அட்டையிலிருந்து மஞ்சள் மாத்திரை ஒன்றைப் பிதுக்கி அந்த உள்ளங்கையில் வைத்தார். அது உருண்டு விழப்போனது. அவரே அதனைத் தம் விரலால் தடுத்து நிறுத்தினார். இன்பராணி அதனை வாயிலிட்டு, குழாய் நீரைப் பிடித்துக் குடித்து, விழுங்கினார்.

ராஜாத்தி அசையவில்லை. வார்டில் மாத்திரைகளைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துப் பின்னர் துப்பிவிடும் நோயாளிகளை இன்பராணி எப்படிப் பிடிப்பார் என்பதைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்தவர் அவர்.

"வாயத் தொறங்க."

பெஞ்சுகளில் அமர்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச் சீருடையில், நெஞ்சில் பெயர்ப்பட்டையுடன் நின்ற தலைமைச் செவிலியர், கணவரும் வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார்.

ராஜாத்தி குனிந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் நன்றாக எட்டிப் பார்த்தார். "அச்சா" என்றார். பிறகு தம் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, தண்ணீருக்காகக் கையைக் குவித்தார்.